பாடாத சிடிக்கு ஒரு சாட்சி

கோர்ட் அமீனாவை யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். கூப்பிடாமலேயே போய்ப் பழகிவிட்டது. என் எல்லைக்குள், பாரிஸுக்கு வடக்கே லான்ஸ் நகரத்தை ஒட்டி மூன்று ஊர்கள். மூன்றிலும் சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் கட்டிய செங்கல் வீடுகள், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். என் சாம்பல் நிறக் கார் தெருமுனையில் திரும்பினால் போதும். நான் முன்வாசலில் மணியடிக்கும் நேரத்தில், பின்பக்கம் டிவி சுவரேறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் ஜப்தி என்றால் அடுத்த ஆறு வீட்டுக்கும் கைநிறைய வேலை. உள்ளே போனால் இரண்டு நாற்காலி, ஒரு சிலுவை, சுவரில் ஏதோ மாட்டியிருந்த இடத்தில் ஒரு வெளுத்த சதுரம். நான் எதுவும் கேட்கமாட்டேன். இருப்பதை எழுதுவேன். இல்லாததை எழுதச் சட்டத்தில் இடமில்லை.

ஜப்தி எங்கள் வேலையில் பாதிதான். மீதிப் பாதி மகஜர், நேரில் பார்த்ததைச் சாட்சியாக எழுதிக் கொடுப்பது. மேல்வீட்டுத் தண்ணீர் கூரையில் ஒழுகுகிறதா, பக்கத்துத் தோட்டத்து மரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதா, ஒருத்தியின் புருஷன் ராத்திரி யார் வீட்டில் தூங்குகிறான், எதுவானாலும் சரி. இந்த நாட்டில் அமீனா ஒருவர் வந்து பார்த்து, எழுதி, முத்திரை குத்தினால்தான் அது நடந்தது என்று அர்த்தம். கண்ணால் பார்த்ததை எழுதலாம், காதால் கேட்டதை எழுதலாம். காரணம் எழுதக்கூடாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் தேடிப் போனவர்கள் யாரும் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

2003 மார்ச்சில் மதாம் வாத்ரெலோ என் அலுவலகத்துக்கு வந்தார். கிஸ்லேன் வாத்ரெலோ, நாற்பத்தைந்து வயதிருக்கும். வீடு வீடாகக் காரில் போய் முடி வெட்டிவிடுகிறவர். வெளியே நடமாட முடியாத கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் எல்லாரும் அவருடைய வாடிக்கை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அந்த வருஷம் எல்லாக் கடையிலும் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு பாடகியின் புதிய சிடி.

"இது என் கார்ல பாடமாட்டேங்குது, மேத்ர்" என்றார். வக்கீல்களையும் எங்களையும் இங்கே மேத்ர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கடையில திருப்பிக் குடுங்களேன், மதாம்."

"குடுத்தேன். பிரிச்சதத் திருப்பி எடுக்கமாட்டாங்களாம். அதே சிடி வேறொண்ணு வேணும்னா மாத்தித் தருவாங்களாம். மாத்தினேன். அதுவும் பாடல. மறுபடியும் மாத்தினேன். அதுவும் ஊமை. மூணாவது தடவ போனப்போ மேனேஜரே வந்துட்டான்."

அங்கே நிறுத்தினார். சிடியின் அட்டையைத் திருப்பி, அதன் அடிவிளிம்பைக் காட்டினார். எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி. நகல் எடுக்க முடியாதபடி இந்த சிடி பூட்டப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் என்னால் படிக்க முடிந்தது.

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"'வீட்டுக்குக் கொண்டுபோய் காப்பி எடுத்துக்கிறது, அப்புறம் பாடலன்னு கொண்டுவந்து நீட்டுறது. உன்ன மாதிரி எத்தன திருடிங்கள பாத்திருக்கேன்'னான். சனிக்கிழம சாயங்காலம், மேத்ர். எனக்குப் பின்னால பதினஞ்சு பேரு நிக்கிறாங்க. நாலாவது ஆளு மதாம் கொக்லே."

மதாம் கொக்லேயை எனக்கும் தெரியும். மருந்துக்கடைக்காரரின் விதவை. ஊரில் ஒரு விஷயம் தபாலில் போனால் இரண்டு நாள். அவர் காதில் விழுந்தால் அரை நாள்.

"அடுத்த வாரம் அவங்களே ஃபோன் பண்ணி, இனிமே வர வேணாம்னாங்க. அதுக்கப்புறம் இன்னும் மூணு வீடு. நான் போற வீட்ல எல்லாம் கிழவிங்க பாதி தூக்கத்துல இருப்பாங்க, மேத்ர். மோதிரம் சோப்பு டப்பாவுல கெடக்கும், பர்ஸு மேசமேல தெறந்து கெடக்கும். திருடின்னு ஒரு பேரு வந்துட்டா நான் கத்திரியத் தூக்கிட்டு எந்த வாசப்படிய மிதிக்கிறது?"

நுகர்வோர் சங்கத்துக்குப் போயிருந்தார். லீல் நகரத்தில் இருந்த சங்கத்து வக்கீல் இசைக் கம்பெனிக்கு எழுத, கம்பெனி அழகான தாளில் பதில் போட்டிருந்தது: சிடியில் கோளாறு இல்லை, பூட்டு என்பது கம்ப்யூட்டரில் நகலெடுப்பதைத்தான் தடுக்கும், வாடிக்கையாளரின் கார் ஸ்டீரியோ பழுதாகியிருக்கலாம், அல்லது வாடிக்கையாளர் சிடியை 'வேறு நோக்கத்துக்கு' உபயோகித்திருக்கலாம். வழக்குப் போட மகஜர் வேண்டும். அதற்குத்தான் என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

"சங்கத்துக்கு கேஸு ஜெயிக்கணும், சரி. எனக்கு அந்தக் காகிதம் வேணும். நான் பொய் சொல்லலன்னு முத்திர குத்தி ஒரு காகிதம். அத எல்லா வீட்லயும் காட்டுவேன்."

"அப்பிடியெல்லாம் நான் எழுத முடியாது மதாம். சிடி பாடுச்சா இல்லையான்னு மட்டும்தான் எழுதுவேன்."

"அது போதும். அது பாடாதே" என்றார்.

முறைப்படி எல்லாம் செய்தேன். ஒரே ஒரு சிடி பழுது என்று நாளை யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்பதற்காக, மூன்று ஊரில் மூன்று கடைகளில் அதே சிடியை மூன்று வாங்கி, பிரிக்காமல் உறையில் போட்டு அரக்கு வைத்தேன். கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன்: ஏப்ரல் எட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, மதாம் வாத்ரெலோவின் வீட்டு வாசல், விருப்பமிருந்தால் உங்கள் ஆளையும் அனுப்பலாம். பாரிஸிலிருந்து முசியே பெர்த்தலோ என்ற எஞ்சினியரை அனுப்புவதாகப் பதில் வந்தது.

அன்றைக்கு நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். தெருமுனையில் காரை நிறுத்தி, வீட்டு எண்ணை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு, எஞ்சினியர் வரும்வரை முக்குக் கடையில் சிக்கரி கலந்த காபி ஒன்று குடித்தேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருந்து என்ன பயன், அந்தக் காபியைக் குடித்திருக்கவே கூடாது.

பத்து மணிக்கு டாக்ஸியில் பெர்த்தலோ வந்து இறங்கினார். முப்பது வயது, நல்ல காலணி, கையில் ஒரு அலுமினியப் பெட்டி. கிஸ்லேன் கதவைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற உடையில் இருந்தார். மேசைமேல் எங்களுக்காகச் சர்க்கரைப் பணியாரம் ஒன்றும் சுட்டு வைத்திருந்தார். வேலை முடிந்த பிறகு சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் வாசலில் நின்ற காரிடம் போனோம். கிஸ்லேன் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்டீரியோ இருந்த இடத்தில் ஒரு செவ்வகப் பொந்து. நான்கு கலர் வயர்கள் வெளியே தொங்கின.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெர்த்தலோவுக்குப் புரியவில்லை, ஆனால் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நோட்டைக் காரின் கூரைமேல் வைத்து எழுத ஆரம்பித்தேன்: பத்து மணி ஏழு நிமிடம், வாகனத்தில் ஸ்டீரியோ இல்லை.

கிஸ்லேன் தெருவின் நடுவுக்குப் போனார்.

"எவன்டா என் ஸ்டீரியோவ எடுத்தது? காசிக்! இது உன் வேலதான், எனக்குத் தெரியும்! வெளிய வாடா!"

மூன்று கதவுகளும் ஐந்தாறு ஜன்னல்களும் திறந்தன. எதிர்வீட்டிலிருந்து காசிக் வந்தான். கசிமீர் நோவாக்கி என்பது முழுப்பெயர்; தாத்தா போலந்திலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர். ஐம்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒப்பந்த வேலை. கையில், தட்டுத் துடைக்கிற துணியில் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றிய ஒரு பொருள்.

"கத்தாத, உடையாம பத்திரமாத்தான் வச்சிருக்கேன்" என்றான்.

"உன்ன யாரு எடுக்கச் சொன்னா?"

"அமீனா கார் முக்குல நின்னுச்சு. உன் வீட்டு நம்பரப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. அப்புறம் என்ன, வாயில ஈ போறது தெரியாம நிக்கச் சொல்றியா? காரத் தூக்கிச் சொவத்துக்கு அந்தப்பக்கம் போட முடியாது. கழட்டுறதக் கழட்டிருவோம்னு கழட்டுனேன். ஏதோ இது ஒண்ணாவது மிஞ்சட்டும்னு."

"அவர நான்தான்டா வரச்சொன்னேன்!"

அமீனாவை ஒருத்தி தானாகக் கூப்பிட்டாள் என்பதை ஜீரணிக்கத் தெருவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"உனக்குப் புத்தி கித்தி கலங்கிருச்சா?" என்றான் காசிக்.

கடையில் நடந்ததைக் கிஸ்லேன் தெருவில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை, வெட்கம். இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது. நடு ரோட்டில், தலைகுனிந்தபடி, இரண்டே நிமிடத்தில் சொன்னார். காசிக் முதலில் சிரித்தான்.

"திருடியா? உன்னையா சொன்னான்? இந்தத் தெருவுலயே காசு குடுத்து சிடி வாங்குற ஒரே பைத்தியக்காரி நீதான்னு அவனுக்குத் தெரியாதா? நான் ஓசியில தர்றேன்னு சொன்னப்போ என்ன சொன்ன நீ? 'பாடுனவளுக்கு ஒரு காசு போகவேணாமா'ன்ன. மூணு வாரம் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோமே."

பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு, காருக்குள் குனிந்து, ஸ்டீரியோவை மாட்டிக்கொடுத்தான். அவனுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதையும் எழுதினேன்.

"மேத்ர், ஒரு நிமிஷம்" என்றார் பெர்த்தலோ. மரியாதையான பையன். "கருவிய ஒருத்தர் கழட்டி எடுத்துட்டுப் போயிருக்கார். எங்க வச்சிருந்தார், கீழ போட்டாரா, உள்ள கைய வச்சாரா, யாருக்குத் தெரியும்? இதுக்கப்புறம் இது பாடலன்னா, அது எங்க சிடியோட தப்புன்னு எப்பிடிச் சொல்றது? என் ஆட்சேபணைய எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். நியாயமான ஆட்சேபணை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கிஸ்லேனுக்கும் விளங்கிவிட்டது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருந்தாலும் வந்த வேலையைச் செய்யாமல் போக முடியாது. முதல் உறையின் அரக்கை உடைத்தேன். சிடியைப் போட்டோம், பொத்தானை அழுத்தினோம், கதவுகளைச் சாத்திக்கொண்டு நாற்பது நொடி காத்திருந்தோம். மோட்டார் முனகியது. திரையில் 'பிழை' என்று வந்தது. இரண்டாவது சிடி, நாற்பது நொடி, பிழை. மூன்றாவதும் அப்படியே. எதுவும் கேட்கவில்லை என்று மூன்று முறை எழுதினேன். பிறகு கிஸ்லேன் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து தன்னுடைய பழைய சிடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போட்டதும் அக்கார்டியன் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

"பாத்தீங்களா? செட்டு நல்லாத்தான இருக்கு?" என்றார்.

பெர்த்தலோ தலையாட்டினார். "பழைய சிடிய எந்தக் கண்ணும் படிச்சிரும், மதாம். லென்ஸ் மங்கிப்போயிருந்தா புது சிடியில தடுமாறும். அதோட கழட்டி வேற மாட்டியிருக்கு. பூட்டுனாலதான் பாடலன்னு சொல்லணும்னா, இதே சிடி, இதே செட்டுல, பூட்டு இல்லாம பாடிக் காட்டணும். அது நடக்காது."

நடக்காது என்றுதான் நானும் நினைத்தேன். நோட்டை மூடப் போனேன். மகஜர் ஒன்றுக்கும் உதவாது. கிஸ்லேனின் காகிதத்தில் மூன்று மௌனமும் ஒரு பொந்தும்தான் இருக்கும். எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்தத் தெரு என்னிடமிருந்து எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கிறது. என்னால் ஒருத்திக்கு உதவி கிடைக்க இருந்த ஒரே நாளிலும் அதையே செய்துவிட்டது.

காசிக் காரின் மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தொண்டையைச் செருமினான்.

"நடக்கும்" என்றான்.

"என்ன நடக்கும்?" என்றார் பெர்த்தலோ.

"பூட்டு இல்லாம பாடும்."

கிஸ்லேன் திரும்பினார். "காசிக், வாய மூடு. வீட்டுக்குப் போ."

"நான் காட்டுறேன்னு சொல்றேன்ல."

"அவரு கையில நோட்டு இருக்கு, கண்ணு தெரியலயா உனக்கு? போ வீட்டுக்கு."

அவன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கார் டிக்கியைத் திறந்துவைத்து, நகல் சிடிகளை மூன்று யூரோவுக்கு விற்கிறான் என்பது மூன்று ஊருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், யாரும் கேட்காததால் நானும் எழுதியதில்லை. பெர்த்தலோவுக்குத் தெரியாது. ஆனால் அவன் நின்ற விதத்தைப் பார்த்தே அவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"தாராளமா காட்டட்டும்" என்றார். "ஆனா மேத்ர், யார் செய்யறாங்கன்னு பேரு, விலாசம், தொழிலோட பதிவாகணும். எங்க பூட்ட உடைக்கிற ஆளு யாருன்னு கம்பெனிக்குத் தெரியணுமில்ல."

காசிக் எதிர்வீட்டுக்குள் போனான். கதவு மூடிக்கொண்டது. போய்விட்டான் என்றே நினைத்தேன். குறை சொல்ல மாட்டேன். ஜன்னல்களில் நின்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கிஸ்லேன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தான். ஒரு கையில் கறுப்பு மார்க்கர் பேனா, இன்னொரு கையில் அடையாள அட்டை.

நான் பிரித்திருந்த மூன்று சிடிகளில் ஒன்றைக் கேட்டான். கொடுத்தேன். காரின் முன்மூடியில் கைக்குட்டையை விரித்து, சிடியைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்தான். வெளிவிளிம்பை ஒட்டிக் கூர்ந்து பார்த்தால், மற்ற இடத்தைவிடச் சற்று வேறு நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் இருந்தது.

"இதுக்குள்ள இருக்கிறது பாட்டு, மேத்ர். வெளிய இருக்கிற இந்த வளையத்துலதான் பூட்டு. கம்ப்யூட்டர் மொதல்ல இத படிக்கும், கொழம்பி நின்னுரும். சில கார் செட்டும் கம்ப்யூட்டர் மாதிரிதான், அதுவும் இதத்தான் மொதல்ல தேடும். இந்தப் பூட்டு கண்ணுல படாம பண்ணிட்டா..."

மார்க்கரால் வளையத்தின் மேல் ஒரு கோடு போட்டான். கோடு வளைவு தப்பவில்லை. நிறைய தடவை போட்ட கை. ஊதிக் காயவைத்தான். பெர்த்தலோ அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுமினியப் பெட்டியைத் தரையில் வைத்தது அவருக்கே தெரியவில்லை.

சிடி உள்ளே போனது. மோட்டார் முனகியது. ஏழு நொடி. பிறகு கிட்டார், அதன் பின்னால் அந்தப் பெண்ணின் குரல். நான்கு ஒலிபெருக்கிகளிலும் சுத்தமாகக் கேட்டது. பின்சீட்டில் கிடந்த பழைய விரிப்புகளுக்கும் ஷாம்பு டப்பாக்களுக்கும் நடுவிலிருந்து அந்தப் பாட்டு தெருவுக்கு வந்தது. கிஸ்லேன் அதை வாங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது, அன்றைக்குத்தான் கேட்கிறார். வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். ஜன்னலில் ஒருத்தி கைதட்டினாள்.

எழுதினேன்: விளிம்பில் கறுப்புக் கோடு போட்ட பிறகு, அதே சிடி, அதே ஸ்டீரியோவில், முழுமையாக ஒலித்தது. இந்த வரிதான் கிஸ்லேன் கேட்டு வந்த காகிதம். இதற்கு மேல் ஒரு கம்பெனியும் ஸ்டீரியோ பழுது என்று சொல்ல முடியாது, ஒரு மேனேஜரும் அவரைத் திருடி என்று சொல்ல முடியாது.

"கோடு போட்டது யாரு?" என்றார் பெர்த்தலோ. குரல் மாறியிருந்தது. "பேரு எழுதுங்க, மேத்ர்."

கிஸ்லேன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பகுதிய எழுதாதீங்க. உங்கள வரச்சொன்னது நான்தான? நான் சொல்றேன், வேணாம்."

"மதாம், நிறுத்தணும்னா நிறுத்திடலாம். அப்ப கோடு போட்டதையும் எழுத முடியாது, பாடினதையும் எழுத முடியாது. ஆளில்லாம கோடு வந்துச்சுன்னு எழுதினா கோர்ட்டு கிழிச்சுப் போட்டுடும்."

"கிழிக்கட்டும்."

"அப்ப உங்ககிட்ட மிச்சம் ஒண்ணுமில்ல."

"இல்லாட்டிப் போகட்டும். அவன் வேலைய வச்சுத்தான் வீட்ல ரெண்டு பேரு சாப்பிடுறாங்க."

காசிக் அடையாள அட்டையை என் நோட்டின் மேல் வைத்தான். அந்தத் தெருவில் நான் கேட்காமல் யாரும் என்னிடம் பெயர் சொன்னதில்லை. கேட்டாலும் பாதி நேரம் பக்கத்து வீட்டுக்காரன் பெயரைத்தான் சொல்வார்கள்.

"நோவாக்கி, கசிமீர்" என்றான். "எழுதுங்க. இவ சும்மா பேசுறா."

"காசிக், உன் கால்ல வேணா விழுறேன்."

"ஏன், என்ன தப்பா எழுதிடப் போறாரு? நான் காப்பியடிக்கிறவன். சந்தையில விக்கிறேன். திருடன்தான். நீ இல்ல. ரெண்டும் நெசம்தான? ரெண்டையும் ஒரே தாள்ல எழுதட்டுமே."

கிஸ்லேன் என் கையை விட்டார். நான் எழுதினேன். பெயர், விலாசம், தொழில். எழுத்து ஒழுங்காக வரவில்லை; கார்க்கூரை வழுக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பணியாரத்தை யாரும் தொடவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. கிஸ்லேனுக்குச் சிடியின் விலையைத் திருப்பித் தர வேண்டும். சில கருவிகளில் இது ஒலிக்காமல் போகலாம் என்று அட்டையின் முன்பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிட வேண்டும். பத்திரிகையில் நான்கு பத்தி வந்தது. சங்கத்து வக்கீலின் படம் வந்தது. காசிக்குக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கம்பெனி கொடுத்த புகாரில் மே மாதமே போலீஸ் வந்து கம்ப்யூட்டரையும் முந்நூறு சிடிகளையும் எடுத்துப் போனது. தண்டனை பெரிதாக ஒன்றுமில்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் திறந்தபோது சாப்பாட்டுக் கூடத்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நகராட்சி காரணம் சொல்லவில்லை.

கிஸ்லேன் மகஜரின் நகல் ஆறு வாங்கிப் போயிருந்தார். ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கத்திரியோடு பையில் வைத்திருந்தார் என்றும், போகிற வீட்டிலெல்லாம் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் சீப்பை எடுக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். விட்டுப்போன வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதாம் கொக்லே என் அலுவலகத்துக்கு வந்தார். தலையில் பட்டுத் துணி கட்டியிருந்தார். உட்காரவில்லை.

"மேத்ர், ஒரு மகஜர் எழுதணும். இப்பவே. ஆறதுக்குள்ள."

"என்ன காயம், மதாம்?"

துணியை அவிழ்த்தார். வலது பக்கம் காதுமட்டத்துக்கு அழகாக வெட்டியிருந்தது. இடது பக்கம் தோளைத் தொட்டது. இரண்டு பக்கத்துக்கும் வகிடு ஒன்றுதான் பொது.

"அந்த வாத்ரெலோதான். பாவமேன்னு மறுபடியும் கூப்பிட்டேன். வந்தா, காகிதத்தக் காட்டுனா. நானும் மரியாதைக்குப் படிச்சேன், கடைசி வரைக்கும் படிச்சேன். வெட்ட ஆரம்பிச்சா. நல்லாத்தான் வெட்டிக்கிட்டிருந்தா. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? 'எனக்கு அன்னிக்கே தெரியும்டி, நீ அப்பிடிப்பட்டவ இல்லன்னு. பாரு, கடைசியில திருடன் அந்தப் போலந்துக்காரன்தான். அந்த மாதிரி ஆளுங்க பக்கத்துல இருந்தா நம்ம பேரும் கெடும்'னேன். ஆறுதலாத்தான சொன்னேன்?"

"அப்புறம்?"

"கத்திரிய மடக்குனா. என் கழுத்துல இருந்த துணிய எடுத்து, ஜன்னல் பக்கம் போய் உதறி, நாலா மடிச்சுப் பையில வச்சா. காசுகூடக் கேக்கல. அந்தக் காகிதத்த என் குப்பக்கூடையில போட்டுட்டு, கதவ மெதுவா சாத்திட்டுப் போயிட்டா. இங்க பாருங்க."

மேசைமேல் அதை வைத்தார். என் கையெழுத்து, என் முத்திரை. உறையில் நரைமுடித் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததாக ஞாபகமில்லை. முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு அளவுகோலை எடுத்தேன். காதின் மேல்விளிம்பிலிருந்து வலப்பக்கம் நான்கு சென்டிமீட்டர், இடப்பக்கம் பதினேழு. தவறு வந்துவிடக்கூடாது என்று இரண்டாவது தடவையும் அளந்தேன். எழுதிப் படித்துக் காட்டினேன். கோபத்தில் விட்டுப் போனாள் என்று சேர்க்கச் சொன்னார், முடியாது என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, துணியை மறுபடி கட்டிக்கொண்டே கேட்டார்: "இந்த ஊர்ல வீட்டுக்கு வந்து வெட்டிவிட வேற யாரு இருக்கா, மேத்ர்?"

"யாரும் இல்ல, மதாம்" என்றேன்.